பிணியனும் வரவிடாப்பும்

பாடஞ் சொல்லத் தகாதவர் இன்னாரின்னார் என நன்னூலார் ஒரு நிரல் வகுத்திருக்கின்றார். பொதுப்பாயிரம் கற்றவர் அதனை மறந்திரார். கள்ளுண்டு களிப்பவன், மடியன், செருக்கன், காமுகன், கள்வன் என்று செல்லும் அந்நிரலிலே கள்வனுக்கு அடுத்தபடியாகப் பிணியன் நிற்கின்றான். நோயாளியைக் கொண்டுபோய்க் கள்வனுக்கு அருகில் நிறுத்தியது ஏன் என்று மாணாக்கர் எவரேனும் கேளாத ஆண்டு இல்லை. நோயுடையான் உள்ளம் பாடத்திற் பதியாது, ஆகவே அவனுக்குச் சொல்லும் நூல் வீணாய்ப் போம் என்று சமாதானம் கூறுவாருளர். அச் சமாதானம் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை.

இக்காலத்திலே, பிணியனே, நீ பாடங் கேட்க வாராதே என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த வேலையை வரவிடாப்புச் செய்துவிடுகின்றது. இடாப்பிலே வந்தவனுக்கு ஒரு குறி, வராதவனுக்கு ஒரு குறி. போர்த்து மூடிக்கொண்டு உறங்கியவனுக்கும், இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடி விடியற்காலையில் வைத்தியசாலைக் கட்டிலிற் கண்ணயர்ந்தவனுக்கும் விழுவது ஒரே குறிதான். நன்னூலாராவது மடியனையும் பிணியனையும் வெவ்வேறு சொல்லாற் குறித்தார். இடாப்புக்கு அந்த வேற்றுமையுந் தெரியாது. ஆண்டிறுதியிற் கூட்டிப் பார்த்து, நூற்றுக்கு 80 இல்லையெனின் பரீட்சை மண்டபத்தில் இடமில்லை என்கின்றோம்.

அங்கவீனமும் நீடித்த நோயும் உடைய மாணவர்க்கு இவ்விதியை எவ்வளவு நெகிழ்த்தலாம்? இவ்வினாவை நீண்ட காலமாகச் சட்டமுறையில் ஆராய்ந்து வந்திருக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு நிகழ்ந்ததை ஆசிரியத் தொழில் செய்யும் எம்மவர் அறிந்திருத்தல் நன்று.

எட் றொபேட்ஸ் என்பவர் கலிபோர்ணியா மாநிலத்தவர். 1953இல், தமது பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதத்தினாற் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய உருளைப் பொறிக்குள் கிடந்தாலன்றி அவரால் மூச்சுவிட இயலாது. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு அமைத்து, படுக்கையிலிருந்தபடியே அவர் வகுப்பைக் கேட்டார். பாடங் கேட்டல் என்று நாம் சொல்லும் சொல்லின் நேர்ப்பொருள் இதுவன்றோ! பின்னர்த் தாயாரின் வற்புறுத்தலால் வாரத்துக்கொருமுறை நேரிலும் சென்று வந்தார். எல்லாப் பாடங்களையும் முடித்தபின்பு பாடசாலை சான்றிதழ் தர மறுத்தது. காரணம் கேட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். தேகாப்பியாசமும் மோட்டார் வாகனம் ஓட்டும் பயிற்சியும் அவர் பெறவில்லையாம். கைகால் அசையாதவர் ஓட்டுநர் பயிற்சி பெற்றிலர் என்பது குற்றமாயிற்று! தாயார் சோனா றொபேட்ஸ் விடாது வாதாடியே அச் சான்றிதழைப் பெற்றார்.

1962இல் மகன் பேர்க்கிலிப் பல்கலைக்கழகம் புகுந்தார். இரும்பு நுரையீரலை வைக்கத்தக்க விடுதி இல்லாமையால், வளாகத்து வைத்தியசாலையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அரசறிவியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். தொழில் செய்ய மாட்டாதவர் என்று முன்னர் அவரைத் தள்ளிவைத்த மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்துக்கு 1975இல் அவரே பணிப்பாளராயினார். விதியின் எழுத்தைப் பார்த்தவர்கள் அவரிடத்தில் என்ன கண்டார்கள், பாடத்தைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதற்கு இவ்வரலாறு போதும்.

நிற்க. 1973இல் அந்நாட்டுப் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் பணம் பெறும் எந்நிறுவனமும் அங்கவீனங் காரணமாக எவரையும் விலக்கலாகாது என விதித்தது. அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் நான்காண்டு கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரிலில் சன் பிரான்சிஸ்கோ நகரிலே நூற்றுக்கு மேற்பட்ட அங்கவீனர் அரசாங்கக் கட்டடத்துட் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேலாக வெளியேற மறுத்திருந்தனர். அம்மாதம் 28ஆந் திகதி கையொப்பம் இடப்பட்டது. 1990இல் வந்த அங்கவீன அமெரிக்கர் சட்டம் இவ்வுரிமையை மேலும் விரித்தது.

ஆயினும் இச் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் மனக்கண்முன் முதலில் தோன்றுவது சக்கர நாற்காலியே. அதற்குச் சாய்தளம் ஒன்று கட்டினால் ஒருபாற் கடமை முடிந்தது. வலிப்பு, கடுந் தலையிடி, குடலழற்சி, மூட்டுவாதம், மனச்சோர்வு முதலியன அவ்வாறானவையல்ல. வருவன, போவன. இன்று நிமிர்ந்து நடப்பவன் நாளை எழமாட்டான். நேற்று நன்றாய்த்தானே இருந்தாய் என்று ஆசிரியர் கேட்பார். அவருக்குக் காட்ட அவனிடம் ஊன்றுகோலும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. இத்தகைய நோயும், அது கிளர்ந்தெழுங்காற் பெருந்தடையாகுமெனின், அங்கவீனமாகவே கொள்ளப்படும் என்பதை 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஐயமறக் கூறிற்று.

ஆயின் வராமலே பட்டம் பெறலாமா? பெறலாகாது. 1979இலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம், செவிப்புலன் குன்றிய ஒரு பெண் தாதியர் பயிற்சியிற் சேர விழைந்த வழக்கிலே, கல்லூரி தன் பாடநெறியின் அடிப்படையை மாற்றவேண்டியதில்லை எனத் தீர்த்தது. எனவே வினா வேறிடத்துக்குச் சென்றது. இந்த வகுப்பின் அடிப்படையிலே நேரில் வந்திருத்தலுக்கு உரிய பங்கு யாது?

1996இல் கலிபோர்ணியாவின் கப்ரில்லோ கல்லூரி பற்றிய ஒரு முறைப்பாட்டை ஆராய்ந்த கல்வித் திணைக்களத்தின் குடியியல் உரிமைகள் அலுவலகம், இதனை அளக்கச் சில வினாக்களை வகுத்தது. அவை பின்னர்ப் பல கல்லூரிகளுக்கு வழிகாட்டியாயின. வகுப்பிலே ஆசிரியரும் மாணவரும், மாணவருந் தம்முள்ளும், உரையாடுகின்றார்களா? மாணவர் பங்களிப்புக் கற்றலின் முக்கிய உறுப்பா? ஒருவர் வராமையாற் பிறருடைய கல்விக்கு இழப்பு உண்டா? பாடத் திட்டத்தில் வரவைப் பற்றி எழுதியிருப்பது யாது? புள்ளி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது? நடைமுறையில் ஆசிரியர் அவ்விதியைக் கைக்கொண்டு வந்திருக்கின்றாரா? இறுதி வினா கூரியது. ஏனைய நாளெல்லாம் இடாப்பைத் திறவாத ஆசிரியர், நோயாளி கேட்கும்போது மட்டும் வரவு உயிர்நாடி என்று சொல்ல முடியாது.

இவ்வினாக்களைப் படித்தபோது எனக்கு மறுபடியும் நன்னூலே நினைவில் வந்தது. காலத்தோடு சென்று பாடங் கேட்கவேண்டும் என்றவர் நன்னூலாரே. ஆசான் சொன்னதைச் செவ்வனே கொண்டாலும் புலமையிற் காற்கூறே கைவரும் என்றவரும் அவரே. உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்கூறு. பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய இருகாலும் நிரம்பும். ஆசிரியராகிய நாம் எமது காற்கூற்றுக்கு எவ்வளவு பெரிய இடாப்பு வைத்திருக்கின்றோம்! அந்தக் காற்கூற்றை ஒலிப்பதிவாகவோ குறிப்பாகவோ கட்டிலருகே கொண்டுபோதல் எளிது. அரியவை ஏனைய கூறுகள். நெகிழ்ச்சி வழங்குவோர் வரவைக் குறைத்துவிட்டோம் என்று அமைந்துவிட்டால், நோயாளி உடன்பயில்வாரை இழந்து தனியனாகின்றான்.

என்னிடம் பண்டித வகுப்பிற் கற்ற ஒரு பிள்ளைக்கு வலிப்பு நோய். வந்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தலை நிமிர்த்த மாட்டாள். உடன் கற்ற தோழி ஒருத்தி மாலைதோறும் தொலைபேசியில் அன்றைய குறிப்பை வாசிப்பாள். தெளிந்து எழுந்ததும் இவள் தன் ஒழுங்கையிலுள்ள இரண்டு சிறுமியரைத் திண்ணையில் இருத்தி அதே பாடத்தைச் சொல்லிக்கொடுப்பாள். புணரியலில் அவள் விளங்கியவாறு அவ்வகுப்பில் வேறெவரும் விளங்கவில்லை. அவள் சேர்ந்திருந்த வேறொரு நிறுவனம் அவளுடைய வரவை நூற்றுக்கு 71 எனக் கணக்கிட்டு அவ்வாண்டு பரீட்சைக்கு விடவில்லை. வைத்தியரின் கடிதத்தை வாங்கிக் கோவையிலிட்டார்களாம். மறு ஆண்டு அமர்ந்து சித்தியெய்தினாள். ஓராண்டு வீணாயிற்று.

அமெரிக்கக் கல்லூரிகளில் அக் கடிதம் செல்லும் வழி வேறு. மாணவர் அங்கவீனர் சேவை அலுவலகத்துக்கு வைத்தியச் சான்று காட்டுவார். அலுவலகம் ஆசிரியருக்கு எழுதும். நோயின் பெயரைப் பொதுவாகச் சொல்லாது. பின் எத்தனை வகுப்புத் தவறலாம், எவ்வளவு நேரத்துள் அறிவிக்கவேண்டும், தவறிய பரீட்சையை எப்போது எழுதலாம் என எழுத்தில் உடன்படுவர். ஆய்வுகூடம், நோயாளியைப் பார்க்கும் பயிற்சி, பிறமொழி பேசிப் பழகும் வகுப்பு என்பவற்றில் விட்டுக்கொடுப்பு மிகச் சிறிது. சோம்பேறிகள் புகுந்துவிடுவார்களே என்று அஞ்சுவோர் இவ்வொழுங்கைக் கவனிக்க. ஒருவன் சோம்பியிருப்பதற்காக இவ்வளவு கடதாசி சுமப்பான் என்று யான் நம்பேன். அம்முறையில் எனக்குள்ள குறையும் அதுவே. தவணைதோறும், ஆசிரியர்தோறும், புதிதாகக் கடிதம் கொண்டுசென்று பேசும் பாரம் நோயாளியின் தலையிலேயே விழுகின்றது. முன்னறிவித்தல் வேண்டும் என்னும் நிபந்தனையோ வலிப்புக்காரருக்குப் பொருந்தாது. வலிப்பு ஆளனுப்பிவிட்டு வருவதில்லை.

2020இல் கொள்ளை நோய் வந்து எல்லாக் கதவுகளும் மூடுண்டபோது, வகுப்பை வீட்டிலிருந்தே கேட்டல் உலகமெங்கும் சில வாரங்களில் நடைமுறையாயிற்று. அதற்குமுன் அதே வசதியைக் கேட்டு, இயலாது என்ற மறுமொழி பெற்ற அங்கவீன மாணவர் பலர். எல்லோரும் பிணியராகக்கூடும் என்றவுடன் இயன்றது.

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனங் காரணமாக எவரையும் கல்வி நிறுவனத்திற் சேர்ப்பதிற் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. சேர்ப்பது என்பதோடு அப்பிரிவின் சொல் நின்றுவிட்டது. சேர்ந்தவர் பின்பு எண்பதை எட்டாவிடின் யாது செய்வது என்பது அதில் இல்லை. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை, உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகள் செய்யப்படவேண்டும் என்கின்றது. அவ்வேற்பாடு வகுப்பறையின் எந்தப் பாடவேளையில் எவ்வளவு என்பதைக் கொழும்பிலிருந்து எழுதியனுப்ப முடியாது. அதனைச் சொல்லத்தக்கவர் அப்பாடத்தைச் சொல்லுபவரே.

ஆதலால் சென்ற விடுமுறையில் எனது பாடத்திட்டத்தை அவ் வினாக்களோடு வைத்துப் பார்த்தேன். எழுத்தும் சொல்லும் யான் சொல்ல அவர்கள் எழுதுவன. அவற்றுக்கு ஒலிப்பதிவும் தோழியின் குறிப்பும் போதும். உரைநூல் வாசிப்பிலே பாதி அத்தகையது. ஒருவர் எடுத்த அடியை மற்றவர் முடிக்கும் வெண்பாப் பயிற்சியும், மாணாக்கர் எழுந்து நின்று பொருள் விரிக்கும் நாட்களும் நேரில் வந்தாலன்றி நடவாதவை. எண்ணிப் பார்க்க, அவை ஆண்டின் பாடவேளைகளில் ஆறிலொரு பங்கு. அந்நாட்களுக்கு மட்டும் இடாப்பிலே சிவப்பு மையாற் கோடிட்டிருக்கின்றேன். அவற்றில் ஒன்றிரண்டைத் தவறவிடுவோருக்கு மறுவாரமே இன்னொரு நாளுங் குறித்திருக்கின்றேன்.