பிஸ்கோத்துக்கு ஏற்ற குளிர்காலக் கோதுமை

இட்டலிக்கு உகந்த அரிசி வேறு, சோற்றுக்கு உகந்த அரிசி வேறு. அதுபோலவே ரொட்டிக்கு உகந்த கோதுமை வேறு, பிஸ்கோத்துக்கு உகந்த கோதுமை வேறு. இந்தப் பேதத்தை அறிந்து, வாங்குவோரின் தேவைக்கேற்ப ரகம் தேர்ந்து பயிரிடும் இங்கிலாந்து விவசாயிகளின் முறை ஈண்டு விவரிக்கப்படுகிறது.

ரொட்டி மாவு உப்பி எழும்பவேண்டும். ஆகையால் அதன் பசைச்சத்து வலுவுள்ளதாயிருத்தல் அவசியம். பிஸ்கோத்து மாவோ தகடாகப் பரப்பியபின் சுருங்கலாகாது. வலுத்த பசை இழுத்துச் சுருக்கிப் பிஸ்கோத்தின் உருவைக் கெடுக்கும். மேலும், கடினமான மணியை அரைக்கும்போது மாச்சத்து சிதைந்து அதிக நீரை உறிஞ்சும். அந்நீரை அடுப்பிலேயே வற்றச்செய்ய வேண்டியிருப்பதால் எரிபொருட் செலவு மிகும். ஆதலால் மென்மையான மணியையே ஆலையார் நாடுகின்றனர். இம்மென்மை முக்கியமாக விதையின் பரம்பரைக் குணம். கடின ரகத்தை எந்த உரத்தாலும் மென்ரகமாக்க இயலாது.

அங்கு ஆண்டுதோறும் வெளியிடப்படும் சிபார்சு ஜாபிதாவில் கோதுமை ரகங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதலிரண்டும் ரொட்டிக்கும், மூன்றாவது பிஸ்கோத்து, கேக் முதலியவற்றிற்கும், நான்காவது பெரும்பாலும் கால்நடைத் தீவனத்திற்கும் உரியவை. 1999-ஆம் வருஷம் ஜாபிதாவில் சேர்ந்த கிளேர் என்னும் மூன்றாம் வகுப்பு ரகம் இளமையில் மெதுவாக வளர்வதால் முன்பட்டத்தில் விதைக்க ஏற்றதாயிருந்தது. அதன்பின் வந்த ராபிகஸ் என்னும் ரகம் கதிர் ஈயைத் தாங்கியபோதிலும், சில வருஷங்களில் மஞ்சள் துரு நோய்க்கு இலக்காயிற்று. ஒரு ரகத்தின் நோய் எதிர்ப்பு நிரந்தரமன்று; ஜாபிதாவை வருஷந்தோறும் பார்த்தே விதை வாங்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

விதைப்பு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய நடைபெறும். பயிர் குளிர்காலத்தை இளம்பயிராகக் கழித்து, வசந்தத்தில் தழைத்து, ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். தழைச்சத்தின் பெரும்பகுதி மார்ச், ஏப்ரல் மாதங்களில் இடப்படும். ரொட்டிக் கோதுமைக்குப் புரதம் 13 சதவிகிதம் வரை உயர்வதற்காகப் பின்னரும் ஒரு தவணை இடுவர். பிஸ்கோத்துக் கோதுமைக்கு ஏறக்குறைய 11 சதவிகிதம் போதுமாதலால் அச்செலவு மிச்சமாகும். ஆயினும் அளவுமீறி உரமிட்டால் பயிர் சாயும் என்பதை மறக்கலாகாது.

ஆலையின் பரீட்சையில் ரகத்தின் பெயர் மட்டும் போதாது. மாவை நீரில் கலந்து சூடாக்கி, அக்கூழினூடே ஒரு கோல் அடிவரை இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிடுவர். மழையில் நனைந்து கதிரிலேயே முளைவிடத் தொடங்கிய தானியத்தின் கூழ் நீர்த்துவிடுவதால் கோல் விரைவில் இறங்கும். ஏறக்குறைய 220 விநாடிக்குக் குறைந்தால் தானியம் தள்ளப்படவோ விலை குறைக்கப்படவோ கூடும். ஆகவே, முதிர்ந்த பயிரை மழைக்கு விட்டுவைக்காமல் அறுத்து, ஈரம் 15 சதவிகிதத்திற்கு மிகாதபடி உலர்த்தி, பிற ரகங்களுடன் கலவாமல் சேமித்தல் அவசியம்.

பரீட்சையில் தவறிய தானியத்தையும் தீவனமாக விற்கலாம். மகசூலும் ரொட்டி ரகங்களைவிடப் பொதுவாக அதிகமாதலால் முழு நஷ்டம் நேராது. கூடுதல் விலையே கைநழுவும். அதைப் பெற விரும்புவோர், வாங்கும் ஆலை எந்த ரகத்தை ஏற்கும் என்பதை விதைப்பதற்கு முன்னரே கேட்டறிதல் நலம்.