நடுவரும் பார்வையாளரும்

கால்பந்தாட்ட நடுவரின் பையிலுள்ள மஞ்சள், சிவப்பு அட்டைகளை நாம் அறிவோம். ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் அவற்றைக் காட்டலாம். பார்வையாளருக்குக் காட்ட இயலாது. அப்படியானால் கூட்டத்திலிருந்து ஒருவர் தாக்க வந்தால் நடுவர் என்ன செய்வார்?

2007 ஜூன் 2 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் சுவீடனும் மோதின. மூன்று கோல் பின்தங்கியிருந்த டென்மார்க் 3–3 என்று சமன் செய்துவிட்டது! 89ஆம் நிமிடத்தில் டென்மார்க் வீரர் ஒருவர் எதிரணி வீரரைக் குத்தவே, ஜெர்மானிய நடுவர் ஹெர்பர்ட் ஃபாண்டெல் அவரை வெளியேற்றி, சுவீடனுக்குப் பெனால்டி வழங்கினார். (இவர் பியானோ வாசிப்பதிலும் தேர்ந்தவர்.) உடனே பார்வையாளர் ஒருவர் ஓடிவந்து நடுவர்மேல் பாய்ந்தார். ஃபாண்டெல் பதிலுக்குக் கை ஓங்கவில்லை. ஆட்டத்தை அத்துடன் கைவிட்டு வெளியேறினார்.

வெறும் கூச்சலை நடுவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொருள்களை எறிந்தால் ஆட்டத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் செய்யலாம். உயிருக்கே ஆபத்தெனில் ஆட்டத்தைக் கைவிடவும் 5ஆம் விதி அதிகாரம் தருகிறது. பிறகு நடந்ததை அறிக்கையாக எழுதவேண்டும். தண்டிப்பது மேலிடத்தின் வேலை.

அவ்வாட்டத்தில் சுவீடன் 3–0 என வென்றதாக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. ஒருவருக்காக ஓர் அணியே தோற்பதா என்று எங்களுள் பாதிப்பேர் கேட்டோம். மைதானத்தைக் காக்கும் பொறுப்பு விருந்துக்கு அழைத்தவருடையதல்லவா என்று மீதிப்பேர் சொன்னோம்.