முதல் செமஸ்டரில் தனிமை ஏன்?

சுற்றிலும் நூறு பேர் இருந்தும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் பலருக்கு மனம் வெறிச்சோடிக் கிடக்கும். ஏன்?

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், முதலாண்டு மாணவர்களையும் புது ஊருக்குக் குடிபோனவர்களையும் ஆராய்ந்து 2018-இல் ஒரு கணக்கு சொன்னார். அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம். நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல்.

வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இதற்கு அவ்வளவாக உதவாது. சேர்ந்து சாப்பிடுவது, அரட்டை, "நேத்து ஏன் முகம் வாடியிருந்துச்சு?" என்று விசாரிப்பது, இவைதான் நெருக்கம் வளர்க்கின்றன. கட்டாயமில்லாத நேரத்தை ஒருவர் நமக்காகத் தருவதால்தான் நம்பிக்கை பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

வாரம் 10 மணி நேரம் என்றாலும் 200-ஐத் தொட 20 வாரம் ஆகும். முதல் மாதமே "என்னோடு யாரும் ஒட்டவில்லை" என்று கலங்கும் பிள்ளையிடம் குறை ஏதுமில்லை. நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.