அப்பாவா, அம்மாவா: யார் கேட்க வேண்டிய கேள்வி?

பெற்றோர் பிரிந்து வாழும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் படிக்கிறார்கள். "உனக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும்?" என்று அவர்களிடம் பரிவோடுதான் கேட்கிறோம். நீதிமன்றம் இதே கேள்வியை எவ்வளவு கவனமாகக் கேட்கிறது என்று நாம் அறிந்துகொள்வது நல்லது.

தன் விருப்பத்தைப் புரிந்து சொல்லும் பக்குவம் சிறாருக்கு இருந்தால், நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 17ஆம் பிரிவு. 'கொள்ளலாம்' என்பதைக் கவனியுங்கள். இத்தனை வயது என்ற வரையறையும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். எந்த வயதிலும் குழந்தையின் நலனே முதன்மை.

நம் மாநிலத்திலேயே பழைய வழக்கு ஒன்று உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்யானந்தாவையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் காப்பில் விட, தந்தை நாராயணய்யா 1910இல் எழுதிக் கொடுத்தார். 1912இல் மனம் மாறி வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இங்கிலாந்தில் இருந்த பிள்ளைகளின் விருப்பம் அறியப்படவில்லை என்பதும் அது சுட்டிய குறைகளுள் ஒன்று. அப்போது மூத்தவருக்கு வயது 19!

2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், தாயை இழந்த சிறுவனைக் கீழ் நீதிமன்றங்கள் தந்தையிடம் அனுப்பச் சொல்லியிருந்தன. நீதிபதிகள் அவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தாய்வழித் தாத்தா பாட்டியிடமே அவன் வளரட்டும் என்றார்கள்.

இப்படித் தனியறையில் பேசும்போது, பதில் பிள்ளையுடையதா, யாரோ சொல்லிக் கொடுத்ததா என்றும் நீதிபதி பார்க்கிறார். போன வாரம் சைக்கிள் வாங்கித் தந்தவர் பக்கம் மனம் சாய்வது குழந்தை இயல்புதானே!

எங்கள் பள்ளிக்குச் சம்பா அறுவடை நேரத்தில் ஒரு தகப்பனார் வந்தார். திருப்பூரில் வேலை, தாயிடம் வளரும் நான்காம் வகுப்பு மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். தாயும் வந்துவிட்டார். உடன் வந்த உறவினர் சிறுமியிடம், "நீ யாரோடம்மா போறே?" என்றார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குக் கணக்குப் பாடம் இருக்கு டீச்சர்" என்றாள். நான் அவளை வகுப்புக்கு அழைத்துப் போனேன்.

தலைமையாசிரியர் நீதிமன்ற உத்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். உத்தரவு இருந்தால் அதன் நகலைப் பள்ளிக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098. நீதிமன்றம் நம்மிடம் வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண்ணையும் கேட்கக்கூடும். அவை உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.