சீட்டும் மனச்சாட்சியும்

சீட்டு என்றதும் நம் குடும்பங்களில் முகம் சுளிப்பர். பணம் வைத்தாடி வீடிழந்தோரைக் கண்டவர்கள் நாம், அவ்வச்சம் நியாயமே. ஆயினும் ‘மேஜிக்’ எனும் சீட்டாட்டம் வேறு வகையினது. அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு அமைத்த இது 1993-இல் வெளிவந்தது. ஆடுவோர் தம் சீட்டுகளைத் தாமே தெரிந்து, குறைந்தது 60 கொண்ட கட்டாக அமைப்பர். 1996-இல் நியூயார்க்கில் இதன் தொழில்முறைப் போட்டித்தொடர் தொடங்கிற்று. அத்தொடரில் ஜெர்மானியர் கை புட்டே 7 முறை வாகை சூடினார். வெறும் அதிர்ஷ்டம் ஒருவரை ஏழு முறை அரியணை ஏற்றுமோ?

நம்மைச் சிந்திக்க வைப்பது அதன் ஒழுங்குமுறையே. தான் விதி பிறழ்ந்ததை உணர்ந்தவன், எதிராளி கவனியாவிடினும், நடுவரை அழைத்து அறிவித்தல் வேண்டும். ஆதாயம் கருதி வாளா இருப்பின் அதுவே மோசடி. (பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்வோர்க்கு இவ்விதி புதிதன்று.) 2019-இல் இலண்டன் போட்டியில், ஜப்பானியச் சாதனையாளர் யூயா வத்தனாபே, தம் சீட்டுறைகளில் அடையாளங்கள் காணப்பட்டமையால் நீக்கப்பட்டார். தாம் மோசடி செய்யவில்லை என அவர் மறுத்தும், 30 மாதத் தடை விதிக்கப்பட்டது. புகழ்மன்றத்தினின்றும் அவர் பெயர் அகற்றப்பட்டது.

பெற்றோர் அஞ்சவேண்டிய சூது மேசையில் இல்லை. உள்ளிருப்பது தெரியாமல் விலைகொடுத்து வாங்கும் மூடிய பொட்டலத்தில் இருக்கிறது. அரிய சீட்டொன்று கிட்டாதா என்று பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்கும் பிள்ளையிடம், வென்றாயா என்பதை விடுத்து, எத்தனை வாங்கினாய் என்று கேளுங்கள்.