காப்பீட்டு அட்டையும் இரண்டு தெனாரியமும்



அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வத்தலக்குண்டில் இரண்டு விதமான கருத்துகளைக் கேட்கலாம். "அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்திருக்காது" என்பார் ஒருவர். "அரசுப் பணத்தைத் தனியாருக்குக் கொடுக்கிறார்கள், அதில் பெரியாஸ்பத்திரியைச் சரி செய்திருக்கலாமே" என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே கோவிலில், ஒரே பெஞ்சில் அமர்ந்து திருப்பலி காண்பவர்கள்தான். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மைகளைக் கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம்.

திட்டம் வளர்ந்த கதை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. உயிர்காக்கும் சிகிச்சைகளுக்காக ஒரு குடும்பத்துக்கு ரூ.1 லட்சம் வரை அரசு ஏற்றுக்கொண்டது. 2011-ல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் அதுவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகப் புதுப் பெயர் பெற்றது. சிகிச்சைகளின் எண்ணிக்கையும் கூடியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை என்றானது. 2022-ல் குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000-இலிருந்து ரூ.1,20,000 ஆக உயர்ந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் யாருடையது, படம் யாருடையது என்ற சண்டையே அதிகம் கேட்டது. 2018-க்குப் பின் மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40 என்பதிலும் வாதம் எழுந்தது. மத்திய அரசின் பட்டியலில் இல்லாத குடும்பங்களையும் தமிழகம் சேர்த்திருந்ததால் அவர்களுக்கான செலவு முழுவதும் மாநிலத்தின் மேல் விழுந்தது. இந்தச் சத்தத்தில் நோயாளியின் குரல் அமுங்கிப்போனது.

எங்கே கருத்து வேறுபடுகிறது?

அட்டையை ஆதரிப்பவர்கள் சொல்வது இது: நகை அடகு வைத்து, நிலம் விற்று வைத்தியம் பார்த்த காலம் நமக்குத் தெரியும். இதய அறுவை, புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் எல்லாம் பணக்காரருக்கு மட்டும் உரியவையாக இருந்தன. அந்தக் கதவை அட்டை திறந்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வது இது: காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியமாகவும், தனியார் மருத்துவமனைக்குக் கட்டணமாகவும் போகும் பணம் அரசு மருத்துவமனைக்குப் போனால், அங்கே படுக்கையும் மருத்துவரும் கருவியும் நிலையாக இருக்கும். இதற்குப் பாதிப் பதில் திட்டத்துக்குள்ளேயே உண்டு. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சிகிச்சை தந்து பணம் பெறுகின்றன. அதில் தங்கள் வசதிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. ஆனால் மீதிக் கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. அரசு நிர்ணயித்த தொகை போதவில்லை, அதுவும் தாமதமாக வருகிறது என்று மருத்துவமனைகள் சொல்கின்றன. அட்டை இருந்தும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் தனியே பணம் கேட்டார்கள் என்று நோயாளிகள் சொல்கிறார்கள். இந்த இரண்டு குறைகளுக்கும் தொடர்பு உண்டு. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏழையின் மடியிலிருந்து எடுக்கப்படுகிறது.

அட்டை எட்டாத இடம்

இந்த வாதங்களில் ஓர் அடிப்படை விஷயம் விடுபட்டுப் போகிறது. அட்டை முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒருவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதாமாதம் மாத்திரை வாங்கக் கீழே இறங்கினால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி நட்டம். இரண்டு மாதம் விடுவார். பிறகு மறந்தே போவார். சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகும். அப்போது டயாலிசிஸ் செலவை அட்டை ஏற்கும். அதற்கு முன்னால் அவருக்குத் தேவைப்பட்டது மலையிலேயே தடையின்றிக் கிடைக்கும் மாத்திரையும், அதைத் தர ஒரு செவிலியரும்தான்.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வழிசெய்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு சென்றது. இவற்றைப் பற்றி நாம் அதிகம் சண்டையிடுவதில்லை. ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பதும் இல்லை.

நாட்டின் நிலையையும் பார்ப்போம். 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக வேண்டும் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். அதே ஆண்டில் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2013-14-ல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, ஆனால் பாரம் இன்னும் பெரியதே.

நற்செய்தி காட்டும் வரிசை

லூக்கா நற்செய்தி 10-ம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியரை நாம் அறிவோம். அவர் செய்தவற்றின் வரிசையைக் கவனிப்போம். முதலில் அருகில் சென்றார். எண்ணெயும் மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டினார். தம் விலங்கின் மீது ஏற்றினார். சாவடிக்குக் கொண்டுபோய்க் கவனித்துக்கொண்டார். மறுநாள்தான் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார்; மேற்கொண்டு செலவானால் தருவதாகவும் சொன்னார்.

அந்தக் கடைசிச் செயல் நம் காப்பீட்டு அட்டையைப் போன்றது. தேவையானதுதான்; அது இல்லாவிட்டால் சாவடிக்காரர் காயப்பட்டவரை வெளியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வழியோரத்தில் காயம் கட்டப்படாதிருந்தால் அந்த மனிதர் சாவடிவரை உயிரோடு வந்திருக்க மாட்டார். நம் வாதம் தெனாரியத்தோடு நின்றுவிடுகிறது. வழியோரத்துக்கும் அது வரவேண்டும்.

கருத்து வேறுபாடு தவறல்ல

பிரிட்டனில் 1948-ல் அனைவருக்கும் இலவச மருத்துவம் வந்தபோது, அதற்கு முன் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பாலான மருத்துவர்கள் எதிர்த்தே வாக்களித்தனர். அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டத்தைக் கருக்கலைப்பு நிதி குறித்த கவலையால் ஆயர் பேரவை எதிர்த்தது. கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் ஆதரித்தது. திருச்சபைக்குள்ளேயே இப்படி வேறுபாடு வரலாம். ஆனால் மருத்துவ உதவி மனிதரின் உரிமை என்பதில் ஐயமில்லை. திருத்தந்தை 23-ம் அருளப்பர் 1963-ல் உலக அமைதி பற்றிய சுற்றுமடலில் அதைத் தெளிவாக எழுதினார்.

நம் ஊரில் பிறந்த சுப்பிரமணிய சிவாவையும் இங்கே நினைக்க வேண்டும். சிறையில் தொழுநோய்க்கு ஆளான அவரை ஆங்கில அரசு ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தது. நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்ற அவர் 1925-ல் காலமானார். நோயாளியை ஒதுக்கிய அந்த அரசிலிருந்து, மாத்திரையை வீட்டுக்கு அனுப்பும் அரசுவரை நாம் வந்திருக்கிறோம். மக்கள் கேட்டதால் வந்தது இது. இனியும் கேட்டால்தான் வளரும்.

நாம் செய்யக்கூடியவை

அட்டை எந்தக் கட்சியின் கொடையும் அல்ல, நம் வரிப்பணம். தகுதியிருந்தும் பெறாதவர்கள் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு விண்ணப்பிக்க அன்பியங்கள் துணைநிற்கட்டும். அட்டை இருந்தும் பணம் கேட்டால் ரசீது வாங்கி வைத்துப் புகார் செய்வோம். சுற்றுக் கிராமங்களில் இருப்போர் கிராம சபையில் எழுந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்று கேட்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ செல்லும் ஏழை நோயாளிக்குப் பஸ் செலவும், உடன் செல்ல ஓர் ஆளும் ஏற்பாடு செய்யலாம். அந்தச் செலவை எந்த அட்டையும் ஏற்பதில்லை.

யார் சொல்வது சரி என்ற வாதம் நம்மிடையே தொடரட்டும். அதற்கிடையில் நம் தெருவில் மாத்திரை நிறுத்திவிட்ட ஒருவர் இருக்கிறாரா என்று இந்த வாரம் கேட்டுப் பார்ப்போம்.