வேகத்தைக் கொடுத்து மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு டம்ளரும் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் போனுக்குக் காற்றில் வரும் தகவல் வழியெல்லாம் இரைச்சல் கலந்துதான் வருகிறது. 0 என்று அனுப்பியது 1 போலத் தெரியும். 1 என்று அனுப்பியது 0 போலத் தெரியும். அதனால் அனுப்பும்போதே சரிபார்ப்பதற்கென்று கொஞ்சம் உபரி பிட்டுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். வந்து சேர்ந்த குழப்பத்திலிருந்து அசலை மீட்பது டீகோடரின் வேலை. சேர்ப்பது சுலபம், மீட்பதுதான் பெரும்பாடு. மின்சாரம் செலவாவதும் அங்கேதான்.

5ஜி தரவு, வைஃபை, செயற்கைக்கோள் டிவி, எஸ்எஸ்டி என்று பல இடங்களில் இன்று உழைப்பது எல்டிபிசி என்ற குறிமுறை. ராபர்ட் கல்லாகர் 1960-இல் எம்ஐடி-யில் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை முன்வைத்தார். அன்றைய கருவிகளுக்கு அந்தக் கணக்கு தாங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதை அநேகமாக யாரும் சீண்டவில்லை. 1990-களின் நடுவில் டேவிட் மெக்கேயும் ராட்ஃபோர்டு நீலும் அதன் பலத்தை மறுபடி எடுத்துக் காட்டினார்கள்.

அது நடக்கும் விதம் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. ஒரு கட்டத்து எழுத்து இடமிருந்து வலம் போகும் சொல்லுக்கும் பொருந்த வேண்டும், மேலிருந்து கீழ் வரும் சொல்லுக்கும் பொருந்த வேண்டும். இங்கே ஒவ்வொரு பிட்டும் சில சோதனைகளில் பங்கு பெறும். ஒவ்வொரு சோதனையிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும், அவ்வளவுதான் விதி. ‘நான் 1 என்று நினைக்கிறேன், ஆனால் அரைமனதாகத்தான்’ என்று பிட் சொல்லும். ‘மற்றவர்களைப் பார்த்தால் நீ 0-வாக இருக்கத்தான் வாய்ப்பு’ என்று சோதனை பதில் அனுப்பும். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் பேசிப் பேசி எல்லாச் சோதனைகளும் நிறைவேறும்போது விடை கிடைத்துவிடும்.

இந்தப் பேச்சுதான் செலவு. செம்புக் கம்பியில் நொடிக்கு 10 கிகாபிட் அனுப்பும் 10ஜிபேஸ்-டி ஈதர்நெட்டை எடுத்துக்கொள்வோம். 2006-இல் வந்த தரநிலை அது. ஒரு தொகுதியில் 2048 பிட்டுகள், அதில் 1723 தகவல். ஒவ்வொரு பிட்டும் 6 சோதனைகளில் இருக்கிறது. ஆக 12,288 இணைப்புகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் செய்தி போய் வர வேண்டும். கூட்டல் கழித்தலைவிட இந்தக் கம்பிகள்தான் பெரிய தலைவலி. 2002-இல் பிளாங்ஸ்பியும் ஹவ்லண்டும் வெளியிட்ட முன்னோடி எல்டிபிசி சிப், 1024 பிட் தொகுதிகளை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் மீட்டது; செலவு 690 மில்லிவாட். அதன் பரப்பை நிர்ணயித்ததே கம்பிகளின் நெரிசல்தான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? கணக்கை எளிமையாக்குவது முதல் வழி. கல்லாகர் சொன்ன முறையில் மடக்கையும் வளைகோட்டுச் சார்புகளும் வரும். அதை விட்டுவிட்டு, வந்த செய்திகளில் எது மிகவும் தயங்குகிறதோ அதன் மதிப்பை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட அதே விடை வருகிறது. குறையும் சொற்பத்தைச் சிறிய திருத்தத்தால் ஈடுகட்டலாம். செய்தியின் அகலத்தையும் 4 பிட்டுக்குச் சுருக்கலாம். சுருக்கச் சுருக்க, எப்போதாவது ஒரு தொகுதி பிடிவாதமாகத் தவறான இடத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த அபூர்வத்துக்காக எல்லாத் தொகுதிகளையும் பெரிய எண்களால் கணக்கிடுவது வீண். மாட்டிக்கொண்டதை மட்டும் தனியாகக் கவனிக்க ஒரு சின்னப் பின்கட்டம் போதும்.

அடுத்தது, எங்கே நிறுத்துவது. மோசமான இரைச்சலுக்கென்று பல சுற்றுகளுக்கு இடம் வைத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலான தொகுதிகள் ஓரிரு சுற்றிலேயே தெளிந்துவிடும். எல்லாச் சோதனையும் நிறைவேறியதா என்று சுற்றுக்கு ஒருமுறை பார்த்து, ஆனதும் நிறுத்திவிடலாம்.

என் பார்வையில் கெட்டிக்காரத்தனம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. சீக்கிரம் முடித்த டீகோடர் மிச்ச நேரத்தில் சும்மா இருந்தால், செய்யாத வேலையின் மின்சாரம் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தையும் வேலைக்கு ஒதுக்கி, கடிகாரத் துடிப்பை மெதுவாக்கினால் வோல்டேஜையும் இறக்க முடியும். ட்ரான்சிஸ்டர் ஒருமுறை நிலை மாற ஆகும் ஆற்றல் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 1.2 வோல்டிலிருந்து 0.7-க்கு வந்தால் அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போதும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பெர்க்லியில் செங்யா ஜாங்கும் சகாக்களும் 10ஜிபேஸ்-டி-க்காகச் செய்து 2010-இல் வெளியிட்ட 65 நானோமீட்டர் சிப் இதைச் செய்து காட்டியது. 4 பிட் செய்திகளையும் பின்கட்டத்தையும் சேர்த்து, கம்பிகளைக் குழுக்களாக ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். முழு வேகத்தில் அது நொடிக்கு 47.7 கிகாபிட் மீட்டது. தேவை அவ்வளவு இல்லை; 10 கிகாபிட்டிலும் ஒரு பகுதிதான் இந்த டீகோடர் வழியே போக வேண்டும். வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கி 6.67 கிகாபிட்டில் ஓட்டியபோது செலவு 144 மில்லிவாட். ஒரு பிட்டுக்குச் சுமார் 22 பிக்கோஜூல். 2002-ஆம் ஆண்டு சிப்புக்கு அது 690 பிக்கோஜூல். ட்ரான்சிஸ்டர் சிறுத்ததற்கும் இதில் பங்குண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் தேவைக்கு மேல் ஏழு மடங்கு வேகத்தைச் சம்பாதித்து, அதை வோல்டேஜாக மாற்றிக்கொண்டது வடிவமைப்பாளர்களின் சாமர்த்தியம். இறக்கிக்கொண்டே போகவும் முடியாது. வேலை மெதுவாக நடக்க நடக்க, சும்மா இருக்கும் ட்ரான்சிஸ்டர் வழியே கசியும் மின்சாரம் கூடிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் லாபத்தை விழுங்கிவிடும்.

சிப் வடிவமைப்பு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டீகோடர் பற்றிய ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் முதல் பக்கத்து வேகத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். ஒரு பிட்டுக்கு எத்தனை பிக்கோஜூல், எந்த வோல்டேஜில், எவ்வளவு இரைச்சலில் அளந்தார்கள் என்று தேடுங்கள். இரைச்சல் குறைவாக இருக்கும்போது எந்த டீகோடரும் சீக்கிரம் நிறுத்திவிடும். இரைச்சலைச் சொல்லாத மின்சாரக் கணக்கை நம்ப வேண்டாம்.